எட்டு மைல் குதிரை

ஒரு குதிரை ஒரு நாளைக்கு எட்டு மைல் ஓடினால் போதும். வாரத்தில் ஆறு நாள். ஏழாம் நாள் லாயத்தில் நிற்கட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தில் சார்ல்ஸ் பியன்கோனி ஐம்பது ஆண்டு நடத்திய வண்டித் தொழிலின் அடிக்கணக்கு இவ்வளவுதான். ஏழு நாளும் ஆறு மைல் வீதம் ஓட்டுவதைவிட, ஆறு நாள் எட்டு மைல் வீதம் ஓட்டினால் குதிரை நன்றாக உழைக்கிறது என்று அவர் சொன்னார். முதலாவது 42 மைல், இரண்டாவது 48. குதிரைக்கு வாரம் ஆறு மைல் லாபம். 1,300 குதிரை வைத்திருந்தவருக்கு அது 7,800 மைல். அயர்லாந்து மக்கள் பக்தி மிகுந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை வியாபாரமாக ஊர்விட்டு ஊர் போகமாட்டார்கள் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். ஆள் ஏறாத நாளில் வண்டியை ஓட்டிக் குதிரையைத் தேய்ப்பானேன்? தபால் பை சுமந்த வண்டிகள் மட்டும் ஞாயிறும் ஓடின.

பியன்கோனியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மொழி தெரியாமல் வந்து இறங்கிய இத்தாலியப் பையன், கடின உழைப்பு, நேர்மை, கடைசியில் மாளிகை என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் உழைக்காதவர் யார்? அவரைத் தனியாக நிறுத்துவது வேறு. எல்லா வண்டியும் தலைநகரை நோக்கி ஓடிய நாட்டில், ஒரு சின்ன ஊரிலிருந்து அடுத்த சின்ன ஊருக்குக் குறுக்கே போக ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்தார். பார்த்ததை நடந்து பார்த்தார், அதுதான் விஷயம்.

பிறந்தது 1786-இல், வட இத்தாலியில் கோமோ ஏரிப் பக்கம் உள்ள ட்ரெகோலோ. தகப்பனாருக்குச் சிறிய பட்டு ஆலை. 1802-இல், பதினாறு வயது நிரம்பாத நிலையில், ஆந்த்ரேயா ஃபரோனி என்ற படவியாபாரியிடம் பயிற்சிப் பையனாக டப்ளினுக்கு வந்து சேர்ந்தார். அச்சுப் படங்களை மலிவான ஈயச் சட்டத்தில் அடைத்துத் தெருத்தெருவாக விற்கும் தொழில். திங்கட்கிழமை காலை இரண்டு பவுண்டு மதிப்புள்ள படங்களும் கைச்செலவுக்கு நாலு பென்னியும் கொடுத்து அனுப்புவார்கள். சனிக்கிழமை மாலை திரும்ப வேண்டும். பையனுக்கு முதலில் தெரிந்த ஆங்கிலச் சொல் "வாங்கு, வாங்கு" என்பதுதான். விலை கேட்டால் விரலைக் காட்டுவார்.

பயிற்சிக் காலம் முடிந்ததும் தனியாகப் புறப்பட்டார். முதுகில் ஏறக்குறைய நூறு ராத்தல் சுமை, நாளுக்கு இருபது முப்பது மைல் நடை. ஒருமுறை வாட்டர்ஃபோர்டு பக்கத்தில் பேசேஜ் என்ற ஊரில் நெப்போலியன் படத்தை விற்றதற்காகப் பிடித்து, இரவு முழுக்கக் காவற்கொட்டிலில் வைத்துவிட்டு மறுநாள் விட்டார்கள். இங்கிலாந்து நெப்போலியனோடு சண்டையில் இருந்த நேரம். சரக்கில் என்ன இருக்கிறது என்று விற்கிறவன் யோசிக்க வேண்டிய நேரமும்கூட.

அந்த நடையில் அவர் படித்தது ஊர்களுக்கு இடையிலுள்ள தூரங்களை. டப்ளினிலிருந்து பெரிய நகரங்களுக்குத் தபால் கோச்சுகள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நேராகப் போயின. ஆனால் இரண்டு சந்தை ஊர்களுக்கு நடுவே போக வேண்டுமானால் சொந்தக் குதிரை வேண்டும், இல்லாவிட்டால் கால். குதிரை வைத்திருக்கிற விவசாயி சந்தைக்குப் போய்வர மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் குதிரை வயலில் இல்லை.

1806-இல் காரிக்-ஆன்-ஷூரில் ஒரு கடை போட்டார். பிறகு வாட்டர்ஃபோர்டு, அப்புறம் ஷூர் ஆற்றங்கரையிலேயே கிளான்மெல். கண்ணாடி, படச்சட்டம், மரச் செதுக்கு, தங்க முலாம். முலாம் பூசுகிறவருக்குத் தங்கத் தகடு வேண்டும், தகடு வாட்டர்ஃபோர்டிலிருந்து வர வேண்டும். காரிக்கிலிருந்து வாட்டர்ஃபோர்டுக்குப் போக ஆற்றுப் படகுதான் வழி. ஆறு வளைந்து போவதால் தூரம் கூடும். கடல் ஏற்றவற்றம் காரிக் வரைக்கும் எட்டுகிற ஆறு என்பதால் நேரமும் படகுக்காரன் கையில் இல்லை. இந்த எரிச்சல் பின்னால் தொழிலாயிற்று. வாட்டர்ஃபோர்டில் இருந்தபோது கிறிஸ்தவ சகோதரர் சபையை நிறுவிய எட்மண்ட் ரைஸ் அவருக்கு நண்பராகவும் கிட்டத்தட்ட ஆசிரியராகவும் இருந்தார்.

வண்டித் தொழிலுக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: கினி நாணயம். 1797-இல் வங்கிகள் நோட்டுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தின. ஜனங்கள் 21 ஷில்லிங் பெறுமான தங்கக் கினிகளைக் கூரைக்குள்ளும் தரைக்கடியிலும் பதுக்கினார்கள். போருக்குப் பொன் தேவைப்பட்ட அரசுத் தரப்பு அதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கத் தயாராக இருந்தது. கிராமம் கிராமமாகப் பழகிய வியாபாரி கினிகளைச் சேகரித்து விற்றார். நிதானமான லாபம், கெட்டுப்போகாத சரக்கு.

1815 ஜூன் 18-இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர். ஜூலை முதல் வாரம் பியன்கோனியின் முதல் வண்டி. இது தற்செயல் இல்லை. போர் முடிந்ததும் படைக்காக வளர்த்த குதிரைகள் வாங்க ஆளின்றி நின்றன. நல்ல குதிரை பத்திலிருந்து இருபது பவுண்டுக்குக் கிடைத்தது. வண்டி வரி ஏறியதால் சொந்த வண்டி வைத்திருந்த பலர் கட்டுப்படியாகாமல் விற்றுவிட்டார்கள். குதிரையும் மலிவு, வண்டியும் மலிவு. கிளான்மெலிலிருந்து காஹிருக்கு ஒற்றைக் குதிரை வண்டி ஓட ஆரம்பித்தது. (எழுதுவது காஹிர், உள்ளூர் வாயில் அது 'கேர்'.) எட்டு அயர்லாந்து மைல், அதாவது பத்து இங்கிலீஷ் மைலுக்குக் கொஞ்சம் மேல். அயர்லாந்து மைல் 2,240 கஜம், இங்கிலீஷ் மைல் 1,760. இதைக் கவனிக்காமல் பழைய தூரங்களைப் படித்தால் எல்லாக் கணக்கும் தப்பிப்போகும்.

ஜான்டிங் கார் என்று அழைக்கப்பட்ட அந்த வண்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இரண்டு சக்கரம். சக்கரங்களுக்கு மேலே இரு பக்கமும் நீள இருக்கை. பயணிகள் முதுகோடு முதுகு வைத்து, சாலையோர வேலியைப் பார்த்தபடி உட்கார்வார்கள். கால் வைக்க, சக்கரத்துக்கு வெளியே தொங்கும் பலகை. இரண்டு இருக்கைக்கும் நடுவில் பள்ளமான பெட்டி. அதற்குக் 'கிணறு' என்று பெயர். மூட்டை முடிச்செல்லாம் அதற்குள். கூரை கிடையாது. மழைக்கு மடியிலிருந்து கால்வரை மூடும் ஏப்ரன்.

இரண்டு சக்கர வண்டியின் தொல்லை பாரம். முன்பாரம் கூடினால் ஏர்க்கால் வழியாகக் குதிரையின் முதுகில் இறங்கிச் சேணப்புண் வரும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கி வயிற்றுவாரை இழுக்கும், குதிரைக்குக் கால் பிடிப்பு போய்விடும். இதில் பக்கவாட்டுத் தொல்லை வேறு. ஒரு பக்கம் மூன்று பேரும் மறுபக்கம் ஒருவரும் இருந்தால் வண்டி சாய்ந்தே போகும், ஒரு ஸ்பிரிங் சீக்கிரம் தளரும். ஆகவே ஏறுகிறவரை எந்தப் பக்கம் உட்காரவைப்பது என்பது ஓட்டுகிறவனின் வேலையில் பாதி. காற்றும் மழையும் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதென்று பார்த்துப் பயணிகள் மறுபக்கத்துக்கு முண்டியடிப்பார்கள் என்பதால் அது லேசான வேலையும் இல்லை. ஆனால் ஒரு நன்மை எல்லாக் குறையையும் தின்றுவிடும். தாழ்வான வண்டி, ஒரு படி வைத்தால் ஏறலாம், இறங்கலாம். மேட்டில் எல்லாரும் இறங்கி நடந்தால் குதிரைக்கு மூச்சு வரும். கூடையோடு வழியில் நிற்கும் ஒரு அம்மாளை ஏற்றிக்கொள்ள அரை நிமிடம்கூட ஆகாது. நெடுந்தூரக் கோச்சில் ஏணிப்படி ஏறிக் கூரையில் குந்துவதோடு இதை ஒப்பிட்டால், குறுக்குச் சாலைக்கு ஏன் இந்த வண்டி பொருந்தியது என்பது விளங்கும்.

முதலில் ஆள் ஏறவில்லை. நடந்தே பழகியவர்கள் நடந்தே போனார்கள். அப்போது பியன்கோனி செய்தது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். தன் வண்டிக்குப் போட்டியாக இன்னொரு வண்டியைத் தானே ரகசியமாக இறக்கினார். ஓட்டுகிறவர்கள் இருவருக்கும் விஷயம் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் முந்த, ஊரே கட்சி பிரிந்து வேடிக்கை பார்த்தது, பிறகு ஏறியும் பார்த்தது. ஒருநாள் அவருடைய பழைய ஆள் ஓடிவந்து, எதிராளியின் குதிரையை ஓடவைத்தே ஒழித்துவிட்டதாகப் பெருமையடித்தான். ஒழிந்த குதிரையும் முதலாளியுடையதுதான். போட்டி வண்டி அத்தோடு நின்றது. விளம்பரச் செலவு ஒரு குதிரை.

அடுத்த பிடிமானம் தபால். ஊர்த் தபால் மாஸ்டர்கள் பையை யாரிடமாவது குதிரையிலோ கோவேறு கழுதையிலோ கொடுத்தனுப்பிப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிக்கு நான் கொண்டுபோகிறேன் என்றார் பியன்கோனி. பாதி கூலி நஷ்டமாகத் தோன்றும். ஆனால் வண்டி எப்படியும் போகிறது. பைக்கு இருக்கை வேண்டாம். ஆள் ஏறாத நாளிலும் குதிரைத் தீனிக்கு வழி கிடைத்தது. நேரம் தவறாமல் போக வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது, அந்த நேரந்தவறாமையே பயணிகளை இழுத்தது. வழித்தடம் டிப்பரரி, லிமெரிக் என நீண்டது. காஷல், தர்லஸ், வாட்டர்ஃபோர்டு என்று கிளை விட்டது. 1831-இல் அவர் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார்.

நடுவில் 1826-இல் வாட்டர்ஃபோர்டு தேர்தல். அவருடைய வண்டிகளை முதலில் பெரஸ்ஃபோர்டு தரப்பு, அதாவது நிலக்கிழார் கட்சி, வாடகைக்குப் பேசியிருந்தது. கத்தோலிக்க மக்களின் ஆதரவோ வில்லியர்ஸ் ஸ்டுவர்ட்டுக்கு. ஜனங்கள் வண்டிகள்மேல் பாய்ந்தார்கள். வண்டியையும் குதிரையையும் காப்பாற்ற முடியாது என்று சொல்லி ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு, வண்டிகளை ஸ்டுவர்ட் பக்கம் கொடுத்தார். அந்தப் பக்கமே வென்றது, தேர்தல் முடிந்ததும் கையில் 1,000 பவுண்டு வந்தது. கொள்கையா கணக்கா என்று கேட்டால், இரண்டும் ஒரே திசையில் இருந்த நாள் அது என்றுதான் சொல்ல முடியும். பிற்காலத்தில், அயர்லாந்துக் கத்தோலிக்கரின் உரிமைக்குப் போராடிய தலைவர் டேனியல் ஓ'கானலின் நெருங்கிய நண்பர்களில் ஒருவராக இருந்தார்.

கூட்டம் கூடக்கூட வண்டியும் நீண்டது. கிளான்மெலில் சொந்தப் பட்டறை. நான்கு சக்கரம் வைத்த நீள வண்டிகள் அங்கேயே உருவாயின. நான்கு சக்கரம் வந்ததும் முன்பாரம் பின்பாரச் சிக்கல் ஒழிந்தது, குதிரை இழுத்தால் போதும், தாங்க வேண்டாம். மிகப் பெரியவற்றுக்கு அயர்லாந்துக் கதைகளின் ராட்சத வீரன் ஃபின் மக்கூலின் பெயர் வந்தது. வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஜனங்கள் வைத்த பெயர் 'பியன்'.

கட்டணம் சராசரியாக மைலுக்கு ஒன்றேகால் பென்னி. நாலு பேர் நிரம்பிய ஒற்றைக் குதிரை வண்டி மைலுக்கு 5 பென்னி சம்பாதிக்கும். இருபது பேர் நிரம்பிய நீள வண்டி 25 பென்னி. அதற்கு நான்கு குதிரை என்றே வைத்தாலும் குதிரைக்கு ஆறேகால் பென்னி வருகிறது, ஓட்டுகிறவனோ ஒருவன்தான். ஆனால் அதே நீள வண்டியில் பத்துப் பேர் மட்டும் ஏறினால் குதிரைக்கு மூன்று பென்னிதான். பெரிய வண்டி நிரம்பும் தடத்தில் மட்டுமே லாபம். ஆகவே புதிய தடத்தில் சின்ன வண்டி, நிரம்பி வழிந்தால் அடுத்த அளவு.

1843-இல் கார்க் நகரில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் தன் தொழிலைப் பற்றி அவரே ஒரு கட்டுரை வாசித்தார். 100 வண்டிகள், ஒவ்வொன்றிலும் 4 முதல் 20 பேர். மணிக்கு எட்டு, ஒன்பது மைல் வேகம். தினமும் 3,800 மைல் ஓட்டம். குதிரை மாற்ற 140-க்கும் மேற்பட்ட இடங்கள். ஆண்டுக்கு 3,000 முதல் 4,000 டன் உலர்புல், 30,000 முதல் 40,000 பீப்பாய் ஓட்ஸ். குதிரைகள் 1,300.

பெரிய எண்கள் என்று வாய்பிளந்து தாண்டிவிடுகிறோம். வகுத்துப் பார்த்தால்தான் தொழில் தெரியும். 1,300 குதிரை எட்டு மைல் வீதம் ஓடினால் 10,400 குதிரை-மைல். அதை வண்டிகளின் தினசரி ஓட்டமான 3,800 மைலால் வகுத்தால் வண்டிக்கு மூன்று குதிரைக்குச் சற்றுக் குறைய. நொண்டும் குதிரை, இருமும் குதிரை, லாடம் கழன்ற குதிரை எல்லாம் இதில் அடக்கம். ஓட்ஸ் அயர்லாந்துப் பீப்பாய்க்கு 14 ஸ்டோன், நம் அளவில் ஏறக்குறைய 89 கிலோ. குதிரைக்கு நாளொன்றுக்கு ஓட்ஸ் ஐந்தரையிலிருந்து ஏழரை கிலோ, புல் ஆறரையிலிருந்து எட்டரை கிலோ வருகிறது. நன்றாகத் தின்று நன்றாக ஓடும் குதிரையின் தீனி இது. எட்டு மைல்தான் ஓடுகிறது என்று தீனியைக் குறைத்திருந்தால் அந்த வேகம் வந்திருக்காது. மாற்றும் இடத்துக்கு ஒன்பது, பத்துக் குதிரை. அவற்றுக்கு ஆண்டுக்கு இருபது முப்பது டன் புல். சுற்றுவட்டாரத்து விவசாயி விற்கக்கூடிய அளவு. ஒரே ஊரில் 1,300 குதிரையைக் கட்டியிருந்தால் புல் வண்டிக் கூலியே லாபத்தைத் தின்றிருக்கும்.

ஓய்வு நாளில் ஒரு ஆபத்து உண்டு, குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வேலை நாள் அளவுக்கே ஓட்ஸ் போட்டு ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்தால், மறுநாள் காலை பூட்டிய கொஞ்ச தூரத்திலேயே பின்தொடைச் சதை இறுகி, வியர்த்து, குதிரை நின்றுவிடும்; சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அடித்து ஓட்டினால் சாகும். ஞாயிறு ஓட்ஸைக் குறைத்து, தவிட்டுக் கூழும் புல்லும் கொடுத்து, கொஞ்சம் நடக்கவைத்து வைத்திருப்பதுதான் மருந்து. 'ஞாயிறு ஓய்வு' என்று சொல்வது சுலபம், லாயக்காரன் அறிந்து செய்தால்தான் அது லாபம்.

ஆட்கள் விஷயத்திலும் அவருக்கு ஏணிக்கணக்கு உண்டு. லாயத்தில் உதவியாளாகச் சேர்ந்தவன் ஒற்றைக் குதிரை வண்டிக்கு ஏறுவான், பிறகு இரட்டைக் குதிரை, பிறகு நான்கு. ஒவ்வொரு வண்டியோடும் ஒரு வழிச்சீட்டு போகும். எங்கே எத்தனை பேர், என்ன பார்சல் என்று அது பேசும். முதலாளி சில சமயம் சாதாரணப் பயணி மாதிரி ஏறி உட்கார்ந்து பார்ப்பார். தப்பை ஒப்புக்கொண்டவனுக்கு மன்னிப்பு உண்டு, பொய் சொன்னவனுக்கு வேலை போகும். காசு கைமாறும் இடங்கள் 140 என்றால் இந்த விதியின் அருமை புரியும். தவறை மறைக்க எழுதும் ஒரு பொய் எண், அன்றைய சீட்டோடு அந்தத் தடத்தின் கணக்கையே குழப்பிவிடும். வயதாலோ விபத்தாலோ முடியாமல் போனவர்களுக்கு முழுச் சம்பளத்தையே ஓய்வூதியமாகக் கொடுத்தார்.

வண்டி எட்டிய இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் சட்டைத்துணி. தெற்கே ட்ரலீயிலிருந்து காஹர்சிவீன், மேற்கே கால்வேயிலிருந்து கிளிஃப்டன், வடமேற்கே பாலினாவிலிருந்து பெல்மல்லெட் ஆகிய தடங்களைத் திறப்பதற்கு முன், அந்த ஊர்களில் காலிகோ என்ற பருத்தித் துணி கஜம் எட்டு ஒன்பது பென்னி. பிறகு மூன்று, நாலு பென்னி. ஒரு சட்டைக்கு முழிபிதுங்கியவர் அதைவிடக் குறைந்த காசுக்கு இரண்டு வாங்கினார்.

பின்பு ரயில். 1834-இல் டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுன் வரை ஓடிய சின்னத் தடத்தால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1849-இல் டப்ளின்–கார்க் பாதை முடிந்தபோது நெடுஞ்சாலை வண்டிகளின் கதை முடிந்தது. பலர் கட்டணத்தைக் குறைத்து ரயிலோடு மல்லுக்கட்டி அழிந்தார்கள். பியன்கோனி ரயில் பங்குகளை வாங்கினார். ரயிலுக்கு இணையாக ஓடிய வண்டிகளைக் கழற்றி, குதிரை, சேணம், ஆட்களோடு அப்படியே மேற்கேயும் வடக்கேயும் கொண்டுபோய், ரயில் நிலையத்துக்குக் குறுக்கே ஓடவிட்டார். முன்பு தபால் கோச்சுக்குக் குறுக்கே, இப்போது ரயிலுக்குக் குறுக்கே. 1857-இல் 22 கவுண்டிகளில் 900-க்கு மேல் குதிரைகள். இரண்டு சக்கர வண்டி 35, நாலு சக்கர வண்டி 22, கோச்சு 10. மொத்தம் 67 வண்டிகள் தினம் 4,244 மைல். 1843-ஐவிட ஓட்டம் அதிகம், குதிரை குறைவு. பழைய எட்டு மைல் கணக்கைப் போட்டால் வண்டிக்கு இரண்டு குதிரைகூட வரவில்லை. பெரிய வண்டிக்கு ஏற்ற கூட்டத்தை ரயில் எடுத்துக்கொண்டது. ஆரம்பித்த இடமான இரண்டு சக்கர வண்டிக்கே தொழில் பாதி திரும்பிவிட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகளில், இரவிலும் ஆளில்லாக் காட்டுவழியிலும் போன அவருடைய வண்டிகளுக்கு ஜனங்கள் ஒரு சின்னச் சேதமும் செய்ததில்லை என்று அந்த ஆண்டு டப்ளினில் சொன்னார். 1826-இல் வாட்டர்ஃபோர்டில் பட்டதை அதற்குள் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

இதற்கிடையே 1844, 1845-இல் கிளான்மெல் மேயர். 1846-இல் காஷல் பக்கம் ஷூர் ஆற்றங்கரையில் லாங்ஃபீல்டு மாளிகையும் நிலமும் வாங்கினார். உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியிருந்த நேரம். அக்கம்பக்கத்தாருக்கு நிலத்தில் வேலை கொடுத்தார். 1865-இல் வண்டி விபத்தில் தொடையெலும்பு முறிந்தது. தொழிலை வெளியாருக்கு விற்கவில்லை. அந்தந்தத் தடத்தை நடத்திய ஏஜென்டுகளுக்கும் தன் ஆட்களுக்குமே, வண்டி குதிரையோடு, மெல்ல மெல்லக் கட்டித் தீர்க்கும் எளிய தவணைக்குக் கொடுத்துவிட்டார். 1875 செப்டம்பரில் லாங்ஃபீல்டில் காலமானார். போஹர்லஹனில் தமக்கென்று முன்பே கட்டிவைத்திருந்த சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.